புதுப்பிப்பு: ரேட்டிங்கை இறக்கிப் பரிசு வாங்கிய விவகாரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக லீசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில், 1500 ரேட்டிங்குக்கு (ஆட்டத் திறமையைக் காட்டும் புள்ளி; ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும்) கீழ் உள்ளவர்களுக்கென்று ஒரு சதுரங்கப் போட்டி வைத்தோம். அதில் ஒரு தம்பி வேண்டுமென்றே தோற்று, ரேட்டிங்கை இறக்கி, உள்ளே வந்து முதல் பரிசைத் தட்டிச் சென்றதாகச் சந்தேகம் என்று எழுதியிருந்தேன். அப்புறம் என்ன ஆச்சு என்று பலர் கேட்டுவிட்டீர்கள்.

அந்தத் தளத்தில் யார் ஆடிய ஆட்டத்தையும் யாரும் பார்க்கலாம். பார்த்தோம். போட்டிக்கு முந்தைய வாரங்களில் நாலைந்து நகர்த்தலிலேயே வரிசையாகத் தோல்வியை ஒப்புக்கொண்டிருக்கிறார். நேரம் சரியில்லாதவன் இப்படியா தோற்பான்? ராணியைப் பறிகொடுத்தாலும் கடைசி சிப்பாய் வரை இழுப்பான். தளத்துக்குப் புகார் அனுப்பியாகிவிட்டது; அங்கே இது விதிமீறல்தான்.

"சும்மா தோட்டத்துப் போட்டிதானேண்ணே" என்றார் தம்பி. பரிசு இப்போது இரண்டாவதாக வந்த ஆறாம் ஆண்டு மாணவியிடம்.

லீசெஸில் போட்டி அமைக்கும்போது, ரேட்டிங் வரம்பு வைத்தால் கடந்த ஒரு வாரத்தில் தொட்ட உச்சத்தையும் சேர்த்தே பார்க்கும். ஆனால் ஒரு வாரம் பொறுத்திருப்பவனுக்கு அது வேலைக்காகாது. அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பின் முறை எனக்குப் பிடித்திருக்கிறது: ஒருவர் தொட்ட உச்ச ரேட்டிங்கிலிருந்து 200 கழித்து, வருவதை அதற்குக் கீழுள்ள முழு நூறுக்கு இறக்கி, அந்தத் தரைக்குக் கீழே ரேட்டிங்கை இறங்கவே விடுவதில்லை. 1941 தொட்டவருக்கு 200 போக 1741; ஆக 1700தான் தரை. அடுத்த போட்டியில் ஒவ்வொருவரின் பழைய உச்சத்தையும் பார்த்து, நாங்களே கையால் இந்தக் கணக்கைப் போடப்போகிறோம்.