அப்பாவின் மின்நூல் கருவி: தமிழ் எழுத்து உடைகிறது, ஸ்கேன் பிடிஎஃப் படிக்க முடியவில்லை. எதற்கு மாறலாம்?

காவிரிக்கரை:

வணக்கம். கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அப்பாவுக்கு டேப்லெட் வெளிச்சம் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் காகிதம் போலத் தெரியும் இ-இங்க் திரை கொண்ட 6 அங்குலக் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். ஆங்கிலம் அருமையாகத் தெரிகிறது. ஆனால் அவர் படிப்பது முக்கால்வாசி தமிழ், அதிலும் பழைய பதிப்புகள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இறக்கிய ஸ்கேன் பிடிஎஃப்கள், அப்புறம் கொஞ்சம் இபப் என்ற எழுத்துவடிவ மின்நூல் கோப்புகள்.

இபப்பைத் திறந்தால் 'கொ' வரவேண்டிய இடத்தில் க தனியாக நிற்கிறது. கொம்பும் காலும் அதற்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. பிடிஎஃப்பில் எழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருக்கிறது. பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் தள்ள வேண்டும். இரண்டு பக்கம் படித்துவிட்டுக் கருவியை மேசைமேல் வைத்துவிடுகிறார்.

இதிலேயே சரிசெய்ய வழி உண்டா? இல்லையென்றால் கிண்டிலா, கோபோவா, போக்ஸா? நீங்கள் எதை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

எழுத்தாணி:

முதலில் எழுத்துச் சிக்கலைப் பார்ப்போம். எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் வந்தால் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். உங்களுக்கு வருவது புள்ளி வட்டம். அப்படியென்றால் எழுத்துரு இருக்கிறது, எழுத்துகளைக் கோத்துக் காட்டும் மென்பொருள் இல்லை. யூனிகோடு என்ற இன்றைய பொதுக் குறியாக்கத்தில் க முதலில், ொ அடுத்து என்றுதான் சேமிக்கப்பட்டிருக்கும். அதைப் பிரித்துக் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டியது கருவியின் வேலை. வேறு எழுத்துருவை ஏற்றினாலும் இது தீராது. பொருளில்லாத ஆங்கிலக் குறிகளாக வந்தால் அது மூன்றாவது வகை: கோப்பு டிஸ்கி, பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் இருக்கும். என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் போட்டு மாற்றிவிடலாம்.

உடனடித் தீர்வு ஒன்று உண்டு. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் பல நூல்களுக்கு இபப்போடு '6 இன்ச் பிடிஎஃப்' என்றும் ஒன்று இருக்கும். தமிழ் சரியாகக் காட்டாத பழைய கருவிகளை மனத்தில் வைத்துச் செய்தது அது. எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்திருப்பதால் உடையாது, பக்கமும் உங்கள் திரை அளவுக்கே இருக்கும். நிரந்தரத் தீர்வு கேஓரீடர் என்ற, மின்நூல் படிக்க உதவும் கட்டற்ற மென்பொருள். அது எழுத்துகளைக் கோக்க ஹார்ஃப்பஸ் என்ற நிரலைப் பயன்படுத்துகிறது, தமிழ் நன்றாக வரும். கோபோ, பாக்கெட்புக், ஆண்ட்ராய்டு கருவிகளில் ஓடும்.

தேக்கா வாசகி:

நான் இருப்பது சிங்கப்பூரில். கோபோ எடுத்ததற்கு ஒரே காரணம் நூலகம். இங்கே தேசிய நூலக வாரியத்தின் மின்நூல்களை ஓவர்டிரைவ் என்ற மின்நூல் இரவல் சேவை வழியாக எடுத்துப் படிக்கலாம். கோபோவில் அது உள்ளேயே இருக்கிறது. உறுப்பினர் கணக்கைக் கொடுத்தால் போதும். கிண்டிலில் இப்படி இரவல் எடுப்பது அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும்தான். அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா அதனாலேயே கிண்டில் வைத்திருக்கிறாள். இரண்டு கருவியிலும் திரை ஏறக்குறைய ஒன்றுதான், அங்குலத்துக்கு 300 புள்ளி. எங்கள் இருவரையும் பிரித்தது நூலகம்தான்.

நெல்லைச்சீமை:

நான் கிண்டில் கட்சி. புதுத் தமிழ் எழுத்து அங்கேதான் கொட்டிக் கிடக்கிறது. 2016 டிசம்பரில் கிண்டிலை நடத்தும் அமேசான் நிறுவனத்தார் தமிழ் நூல்களைச் சேர்த்தார்கள். அதன்பிறகு பதிப்பாளர் இல்லாமலே தாங்களே வெளியிடும் எழுத்தாளர்கள் பெருகிவிட்டார்கள்; அந்த நூல்கள் பல வேறெங்கும் கிடைப்பதில்லை. அதில் வாங்கிய தமிழ் நூலில் எழுத்து உடைந்து நான் பார்த்ததில்லை. இபப் கோப்பையும் 2022 முதல் கிண்டிலுக்கு அனுப்பிப் படிக்கலாம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வாங்கிய நூல் பெரும்பாலும் கோபோவில் திறக்காது. நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியை 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்த நூல் தன் கையில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அது பெரிய இழப்பு, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் உங்கள் அப்பா படிப்பது கடையில் வாங்கும் நூல் இல்லையே? அவருக்குக் கிண்டிலின் பெரிய பலம் பயன்படாது.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. 6 இன்ச் பிடிஎஃப் அப்படியே திறந்தது, எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. இனி ஸ்கேன் புத்தகம்தான் பாக்கி. பெரிய திரை வாங்குவது ஒன்றுதான் வழியா?

அளவுகோல்:

வாங்குவதற்கு முன் ஒரு ஸ்கேலை எடுங்கள். பழைய தமிழ் நூல்களில் பல டெம்மி அளவு, பக்கம் சுமார் 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். 6 அங்குலத் திரையின் அகலம் 9 செ.மீ. முழுப் பக்கத்தையும் அதில் அடக்கினால் எழுத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். கண் அறுவை ஆனவர் எப்படிப் படிப்பார்?

ஆனால் பக்கத்தில் நான்கு ஓரமும் வெற்றிடம். அச்சு ஓடும் அகலம் பத்து, பத்தரை செ.மீ.தான் இருக்கும். கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பினால் உங்களுக்கு 12 செ.மீ. அகலம் கிடைக்கிறது. ஓரத்தை வெட்டிவிட்டுப் படுக்கைவாட்டில் வைத்தால் எழுத்து அச்சிட்ட நூலைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். ஒரு பக்கத்தை இரண்டு மூன்று தடவையாகக் கீழே நகர்த்திப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கருவியில் வெட்டும் வசதி இல்லாவிட்டால் கணினியிலேயே பிடிஎஃப்பின் ஓரத்தை வெட்டி ஏற்றுங்கள்.

மாறுவது என்றே முடிவானால் 7.8 அங்குலம் போதும். அதன் அகலம் கிட்டத்தட்ட 12 செ.மீ., ஓரம் வெட்டிய பக்கம் நிமிர்ந்த நிலையிலேயே வரும். 10.3 அங்குலத்தில் டெம்மி பக்கம் அநேகமாக முழுசாக உட்காரும், ஆனால் எடையைப் பாருங்கள். 10.2 அங்குலக் கிண்டில் ஸ்கிரைப் 433 கிராம். சாய்ந்து படுத்துப் படிப்பவருக்குக் கை நோகும். வண்ணத் திரையும் வேண்டாம். அதன் பின்புலம் கறுப்பு வெள்ளைத் திரையைவிட மங்கலாக இருக்கும்.

எழுத்தாணி:

இன்னொன்று. ஸ்கேனை இறக்கும் முன் அதே நூல் தன்னார்வலர்கள் நடத்தும் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் நிறைய அங்கே எழுத்துவடிவில் உள்ளன, இபப்பாகவே இறக்கலாம். எழுத்துவடிவில் கிடைத்தால் எந்த அளவுக்கு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். திரை அளவே ஒரு பொருட்டில்லை.

காவிரிக்கரை:

ஓரம் வெட்டிப் படுக்கைவாட்டில் வைத்துக் கொடுத்தேன், அப்பா இப்போது தொடர்ந்து படிக்கிறார். ஆனால் கை லேசாக நடுங்குவதால் திரையைத் தொடும்போது பக்கம் தாவிவிடுகிறது. இபப்பும் சரியாக வரவேண்டும். அதனால் மாறலாம் என்றே இருக்கிறோம்.

அளவுகோல்:

அப்படியென்றால் பக்கம் புரட்டப் பக்கவாட்டுப் பொத்தான் உள்ள கருவியாகப் பாருங்கள். கோபோவில் லிப்ரா வகையில் இருக்கிறது, 7 அங்குலம். இப்போது வரும் லிப்ரா கலர் வண்ணத் திரை. பழைய லிப்ரா 2 கறுப்பு வெள்ளை, கிடைத்தால் அதையே எடுங்கள். போக்ஸில் ஆண்ட்ராய்டு இருப்பதால் கிண்டில் செயலியையும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பட்டியல்களும் அமைப்புகளும் ஏராளம். அப்பா தனியாகக் கையாள்வார் என்றால் கோபோவில் கேஓரீடர் போட்டு, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை ஏற்றி, ஓரம் வெட்டுவதைத் தானாக நடக்கும்படி வைத்துக் கொடுத்துவிடுங்கள். வாங்கும் முன், 'கொடுக்கும் பெரியோர் ஸ்ரீ' என்று ஒரு வரி அடித்த இபப்பை யாருடைய கருவியிலாவது ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.