எம்டியூ 9000 வைத்ததும் பாதி கிளஸ்டர் பேச மறுக்கிறது: ஜம்போ ஃபிரேம் வேண்டுமா, வேண்டாமா?

கோட்டையூரான்:
கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றில் 8 நோடு (கணினி) சேர்ந்து ஒரே கணக்கைப் போடும் லினக்ஸ் கிளஸ்டர். நோடுகள் தமக்குள் செய்தி பரிமாற ஓப்பன் எம்பிஐ, ஒரு கிகாபிட் ஈதர்நெட். 1 முதல் 4 வரை பட்டாலையில் ஒரு சுவிட்ச்சில், 5 முதல் 8 வரை இரண்டாங்கட்டில் இன்னொரு சுவிட்ச்சில். முட்டைவெள்ளை குழைத்துப் பூசிய சுவர் என்பதால் துளைபோட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. முற்றத்து ஓரமாக 4 கோர் ஃபைபர் போயிருக்கிறது. ஒரு ஜோடி நிர்வாக வலைக்கு (எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1500 பைட்), இன்னொரு ஜோடி கணக்கீட்டு வலைக்கு. ஒவ்வொரு ஜோடியின் இரு முனையிலும் ஃபைபரைச் செம்புக் கம்பிக்கு மாற்றும் மீடியா கன்வெர்ட்டர்.

கணக்கீட்டு வலையில் எல்லா நோடிலும் எம்டியூவை 9000 ஆக்கி, இரண்டு சுவிட்ச்சிலும் ஜம்போ ஃபிரேமை (1500ஐவிடப் பெரிய பாக்கெட்டைச் சுமக்கும் ஈதர்நெட் உறை) ஆன் செய்த பிறகு சிக்கல். 1–4க்குள் எல்லாம் ஓடுகிறது. 5–8க்குள் கணக்கு ஓடுகிறது, ஆனால் நோடு 1-இல் இருக்கும் என்எஃப்எஸ்ஸில் (வலை வழியே பகிரும் டிஸ்க்) முடிவை எழுதும்போது நிற்கிறது. 1-ஐயும் 5-ஐயும் சேர்த்தால் எம்பிஐ தொடங்கும், அப்புறம் அசையாது. பிழைச்செய்தி ஒரு வரிகூட இல்லை. பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்ற சோதனை) போகிறது, எஸ்எஸ்எச்சும் (தொலைவிலிருந்து நோடுக்குள் நுழைவது) போகிறது. நிரல் எல்லா நோடிலும் உள்ளூர் டிஸ்க்கில்தான் இருக்கிறது.

தேவகோட்டையார்:
முதலில் ஃபயர்வாலைப் பாருங்கள் தம்பி. ஓப்பன் எம்பிஐ நிலையான போர்ட்டில் பேசாது. கெர்னல் அப்போதைக்கு எதைக் கொடுக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்எச்சுக்கான 22 மட்டும் திறந்திருந்தால் இதேபோலத்தான் தொங்கும். ஃபயர்வால் சரியென்றால், 5–8இல் ஏதோ ஒரு நோடில் 9000 வைக்க விட்டுப்போயிருக்கும்.

பள்ளத்தூரான்:
ஃபயர்வால் என்றால் 1-க்கும் 2-க்கும் நடுவிலும் நின்றிருக்க வேண்டுமே அண்ணே? எல்லா நோடிலும் ஒரே அமைப்புதான். ஃபயர்வாலை அணைக்கவும் வேண்டாம். கணக்கீட்டு வலையின் நெட்வொர்க் கார்டை மட்டும் ஃபயர்வாலின் டிரஸ்டட் ஸோனில் (எதையும் தடுக்காத பகுதி) போட்டால் முடிந்தது.

என் கருத்து நேரானது. எம்டியூவை 1500க்கே கொண்டுவந்துவிடுங்கள். ஒரு கிகாபிட்டில் ஜம்போவால் பெரிய லாபம் இல்லை.

மீனாள்:
விட்டுப்போன நோடு என்ற வாதமும் நிற்காது. டிசிபி (விழுந்ததை மறுபடி அனுப்பும் முறை) இணைப்பு தொடங்கும்போதே இரண்டு பக்கமும் தத்தம் எம்எஸ்எஸ்ஸை, அதாவது ஒரு பாக்கெட்டில் ஏற்கும் தரவின் உச்ச அளவை, சொல்லிக்கொள்கின்றன. ஒருவர் 8960 என்றும் மற்றவர் 1460 என்றும் சொன்னால், பெரிய பக்கம் சின்னதற்கு இறங்கிவரும். அதனால் ஒரு முனை மட்டும் 1500 என்றால் டிசிபி ஓடிவிடும். அடிபடுவது அப்படிப் பேசிக்கொள்ளாத யூடிபிதான்.

இரண்டு முனையும் 9000 என்று சொல்லி, நடுவில் இருப்பது அதைத் தாங்காதபோதுதான் இப்படிச் சத்தமில்லாமல் தொங்கும். நடுவில் ரவுட்டர் இருந்தால் ‘பாக்கெட் பெரிது’ என்று ஐசிஎம்பி (வலையின் நிலை, பிழை சொல்லும்) செய்தி திரும்பி வரும். உங்களிடம் எல்லாம் ஒரே சப்நெட், ரவுட்டர் இல்லாத லேயர் 2. அங்கே பெரிய ஃபிரேம் வந்தால் கீழே போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும், யாருக்கும் தகவல் வராது. சுவிட்ச் இரண்டையும் சொன்னீர்கள், கன்வெர்ட்டரைப் பற்றிச் சொல்லவில்லை. சாதாரண ஃபிரேமைவிடப் பெரியதைக் கடத்தாத கன்வெர்ட்டர்கள் உண்டு. என் சந்தேகம் அதன்மேல்தான்.

பிங் போவதை வைத்து முடிவுகட்ட வேண்டாம், அது வெறும் 56 பைட் சுமை. எஸ்எஸ்எச் நிர்வாக வலையில் போவதால் அதுவும் சாட்சியாகாது. கணக்கீட்டு ஐபி கொடுத்து எஸ்எஸ்எச் போட்டுப் பாருங்கள், சாவி பரிமாற்றத்திலேயே நின்றுவிடக்கூடும்.

நோடு 1-இலிருந்து 5-இன் கணக்கீட்டு ஐபிக்கு இதைக் கொடுங்கள்: ping -M do -s 1472 (M பெரிய எழுத்து; பாக்கெட்டைத் துண்டாக்க விடாமல் 1472 பைட் சுமையை அனுப்பும்). பிறகு அதையே 8972 வைத்து. 9000இல் ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 போக மீதி 8972. ‘மெசேஜ் டூ லாங்’ என்று உடனே வந்தால் உங்கள் சொந்த நெட்வொர்க் கார்டே 9000 இல்லை. எதுவுமே வராமல் 100 சதவீத இழப்பு என்றால் வழியில்தான் விழுகிறது. அந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஓஎஸ்யூ தாமதச் சோதனையையும் (எம்பிஐ செய்திகளின் தாமதத்தை அளக்கும் நிரல்) 1-க்கும் 5-க்கும் நடுவே ஓட்டுங்கள். அளவு 1, 2, 4 என்று இரட்டித்துக்கொண்டே போகும். 1024 வரி வந்து 2048 வரி வராவிட்டால் எம்டியூவேதான். பேண்ட்வித் சோதனை இதற்கு ஆகாது. அதில் சின்னச் செய்திகள் ஒன்றாகச் சேர்ந்து பெரிய பாக்கெட்டாகப் போய், எந்த அளவில் நின்றது என்பதே தெரியாமல் போய்விடும்.

தேவகோட்டையார்:
எம்எஸ்எஸ் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1500க்குத் திரும்புவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கம்பியை முழுதாக நிரப்பினால் 1500இல் நொடிக்குச் சுமார் 81,000 பாக்கெட், 9000இல் 14,000கூட வராது. அந்தச் சுமை சிபியூவுக்குத்தானே? வழி சரியாகும்வரை கெர்னலில் டிசிபி எம்டியூ ப்ரோபிங்கை 1 ஆக்கினால், பெரிய பாக்கெட் விழுவதைக் கண்டு தானே சின்னதாக்கிக்கொள்ளும்.

பள்ளத்தூரான்:
ப்ரோபிங் நோயை மறைக்கும் மருந்து அண்ணே. பலமுறை மறு அனுப்பல் தோற்ற பிறகுதான் அது விழித்துக்கொள்ளும், அதுவரை ஒவ்வொரு புது இணைப்பும் தேங்கி நிற்கும். யூடிபிக்கு உதவவும் செய்யாது.

லாபத்தைக் கணக்கிட்டே பார்ப்போம். 1500 எம்டியூ பாக்கெட் கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கும், அதில் உருப்படியான தரவு 1448. ஆக 941 மெகாபிட். 9000இல் 9038க்கு 8948, ஆக 990 மெகாபிட். 40 ஜிபி முடிவுக்கோப்பை என்எஃப்எஸ்ஸில் எழுத 340 நொடி ஆவது 323 ஆகும். 17 நொடி. எம்பிஐயின் சின்னச் செய்திகளுக்கு அதுவும் கிடையாது, 200 பைட் செய்தி எந்த எம்டியூவிலும் ஒரே பாக்கெட்தான். சிபியூ சுமையை, பாக்கெட் வெட்டுவதையும் சேர்ப்பதையும் மொத்தமாகச் செய்யும் டிஎஸ்ஓவும் ஜிஆர்ஓவும் ஏற்கெனவே குறைத்துவிடுகின்றன. இரண்டும் ஆனில் இருக்கிறதா என்று ethtool -k (சிறிய k) போட்டால் தெரியும்.

தேவகோட்டையார்:
இன்றைக்கு 17 நொடி. மற்ற 7 நோடும் ஒரே நேரத்தில் நோடு 1-க்கு எழுதும்போது அந்த ஒரு கம்பிதான் கழுத்து. அதை 10 கிகாபிட் ஆக்கினால் 1500இல் நொடிக்கு 8 லட்சம் பாக்கெட். அன்றைக்கு ஜம்போ வேண்டும் என்று ஓடுவதைவிட, இப்போதே வழியைச் சுத்தமாக வைத்துக்கொள்வது மேல்.

பள்ளத்தூரான்:
10 கிகாபிட் வந்தால் நானும் ஜம்போ பக்கம்தான். அது வரும்வரை, புதிதாக ஒரு பெட்டியைச் சேர்க்கும்போதெல்லாம் இது 9000 தாங்குமா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கவனம் எல்லா நாளும் இருக்காது.

கோட்டையூரான்:
பார்த்தாயிற்று. 1→2க்கு 8972 பதில் வருகிறது. 1→5க்கு 1472 வருகிறது, 8972க்கு ஒன்றுமே வரவில்லை, 100 சதவீத இழப்பு. தாமதச் சோதனையில் 1024 வரி வந்தது, 2048 வரி வரவில்லை. இப்போதைக்கு எல்லா நோடிலும் 1500 வைத்தேன், அதே சோதனை 4 எம்பி வரை ஓடி முடிந்தது, என்எஃப்எஸ்ஸும் எழுதுகிறது. இரண்டு சுவிட்ச்சிலும் எஸ்எஃப்பி குழி (ஃபைபர் மாட்யூல் செருகும் இடம்) காலியாக இருக்கிறது.

மீனாள்:
அப்படியானால் கணக்கீட்டு ஜோடியிலிருந்து கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, ஃபைபரை நேராக எஸ்எஃப்பியில் செருகிவிடலாம். வாங்கும் முன் கேபிள் உறையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் பெரும்பாலும் சிங்கிள் மோட், 1310 நானோமீட்டர் எல்எக்ஸ் மாட்யூல் இரண்டு. ஆரஞ்சோ நீலப்பச்சையோ என்றால் மல்டிமோட், 850 எஸ்எக்ஸ் இரண்டு. இரு முனையும் ஒரே வகையாக இருக்க வேண்டும். உறையில் அச்சடித்த எழுத்தையும் படித்துவிடுங்கள், நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

சுவிட்ச்சில் ஜம்போ அளவை 9000 என்று வைக்காதீர்கள், 9216 இருந்தால் அதை வையுங்கள். எம்டியூ 9000 பாக்கெட்டோடு ஈதர்நெட் தலைப்பு 14, கடைசியில் 4, வலையைப் பிரித்துக் காட்டும் விலேன் குறி 4 சேர்ந்தால் 9022. சில சுவிட்ச்சில் அந்த எண் முழு ஃபிரேமின் அளவு.

பள்ளத்தூரான்:
எஸ்எஃப்பி மாற்றுவதில் எனக்கும் மறுப்பில்லை, கன்வெர்ட்டர் போனால் கெடக்கூடிய பெட்டி இரண்டு குறைகிறது. 1500 போதும் என்பதில் மாறவில்லை.

கோட்டையூரான்:
உறை மஞ்சள். எல்எக்ஸ் இரண்டு சொல்லிவிட்டேன். அது வரும்வரை 1500. மாட்டியபின் 1–4 ஒவ்வொன்றிலிருந்தும் 5–8 ஒவ்வொன்றுக்கும், எதிர்ப்பக்கமாகவும் 8972 வைத்துப் பார்க்கிறேன், மொத்தம் 32 பிங். ஒன்று விழுந்தாலும் 9000 இல்லை.