வுட்சக் வேட்டைக்கு ஹார்னெட் போதுமா, ஸ்விஃப்ட்தான் வேண்டுமா?

பழையகட்டை:
ஒரு வம்பை இழுத்து விடுகிறேன். "1935இல் .220 ஸ்விஃப்ட் என்ற அதிவேகத் தோட்டா வந்த பிறகுதான் அமெரிக்காவில் வார்மின்ட் வேட்டையே உருப்பட்டது" என்று இங்கே நண்பர் வேகம் எழுதியிருந்தார். வார்மின்ட் என்றால் பயிரையும் மேய்ச்சலையும் கெடுக்கும் சில்லறைப் பிராணிகள், அதாவது வுட்சக் (வளை தோண்டும் பெரிய அணில் இனம்), காக்கை, பிரெய்ரி நாய் (பெயர்தான் நாய், அதுவும் அணில் இனம்), கயோட்டி (சின்ன ஓநாய் மாதிரி) வகையறா. நான் நேர் எதிர்க்கட்சி. பென்சில்வேனியா, நியூயார்க் பக்கத்துப் பண்ணைகளுக்குப் பொருத்தமாக வந்தது .22 ஹார்னெட் என்ற சின்னத் தோட்டாதான். 1920களில் அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையைச் சுற்றியிருந்த டவுன்சென்ட் வீலன், வோட்கின்ஸ் போன்ற ஆட்கள், கரிமருந்துக் காலத்து .22 டபிள்யூசிஎஃப் தோட்டாவை எடுத்து, அதில் புகையில்லா வெடிமருந்தைப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தது. 1930இல் வின்செஸ்டர் தோட்டாவை விற்க ஆரம்பித்தபோது அதைச் சுடத் தொழிற்சாலை ரைஃபிள் ஒன்றுகூடக் கடையில் கிடையாது! பழைய மார்ட்டினி ரைஃபிளையும் ராணுவப் பயிற்சிக்கு வைத்திருந்த .22 ஸ்பிரிங்ஃபீல்டையும் பட்டறையில் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். ஆசை இருந்தால் வழி பிறக்கும். பத்து பதினோரு கிரெய்ன் மருந்து (சுமார் பதினைந்து கிரெய்ன் ஒரு கிராம்), 45 கிரெய்ன் குண்டு, சத்தம் குறைவு, தோளில் உதையே தெரியாது. 150 கஜத்துக்குள் நெருங்கிப் போய்ச் சுட வேண்டும், அதுதான் வேட்டை. ஸ்விஃப்ட் வந்தபின் வேலி ஓரமாக உட்கார்ந்துகொண்டு தூரத்தில் தெரிந்ததையெல்லாம் சுடுவது என்று ஆகிவிட்டது. போதாக்குறைக்குத் துப்பாக்கிக் குழலையும் தேய்த்துத் தின்றுவிடும்.

வேகம்4110:
வந்துவிட்டேன் அண்ணா. முதலில் அந்தக் குழல் புராணம். ஸ்விஃப்ட் குழலைத் தின்னும் என்பது பாதி உண்மை, பாதி ஒருவர் சொல்ல இன்னொருவர் ஊதிப் பெருக்கியது. கிட்டத்தட்ட 40 கிரெய்ன் மருந்தை .22 துளை வழியாகத் தள்ளினால் தொண்டைப் பகுதி, அதாவது தோட்டா உட்காரும் அறைக்கு அடுத்த இடம், தேயத்தான் செய்யும், யார் இல்லை என்றது? ஆனால் எப்போது? பிரெய்ரி நாய்க் காலனியில் உட்கார்ந்து, குழல் தொட முடியாத சூட்டுக்கு வந்த பிறகும் விடாமல் சுட்டால். வுட்சக் வேட்டையில் ஒரு மாலைக்கு இரண்டு மூன்று வெடி போட்டாலே பெரிய விஷயம், அதற்கு நடுவில் குழல் ஆறிப்போகும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

அப்புறம் நெருங்கிப் போவதுதான் வேட்டை என்கிறீர்கள். ஹார்னெட்டை 100 கஜத்தில் குறியில் படும்படிச் சரிபார்த்து வைத்தால் 200இல் ஏழெட்டு அங்குலம் இறங்கும், 300இல் இரண்டரை அடி. அந்தக் காலத்தில் கையடக்க லேசர் கருவியா இருந்தது? எல்லாம் கண் மதிப்புதான். 180 என்று நினைத்தது 220ஆக இருந்தால் குண்டு வுட்சக்கின் வயிற்றிலோ காலிலோ படும், அது வளைக்குள் இழுத்துக்கொண்டு போய் மெதுவாகச் சாகும். ஸ்விஃப்ட் 48 கிரெய்ன் குண்டு நொடிக்கு 4,110 அடி. 200க்குச் சரிபார்த்தால் 300இல் ஐந்தாறு அங்குல இறக்கம், அவ்வளவுதான். தூரக் கணக்கில் ஐம்பது கஜம் பிசகினாலும் பிராணி துடிக்காமல் விழும். இதில் எது கருணை?

கொங்குக்காரன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒரு பெரிய அணில் மாதிரிப் பிராணியைக் கொல்ல எந்தத் தோட்டா நல்லது என்று இரண்டு பெரிய மனுஷர்கள் சண்டை போடுகிறீர்கள். கொல்லாமல் விட்டால் என்ன என்று யாராவது கேட்டீர்களா? தின்பதற்கும் இல்லை.

அல்பனி அக்கா:
தம்பி, தின்பவர்களும் இருக்கிறார்கள், இளசாக இருந்தால் முயல் மாதிரிச் சமைப்பார்கள். ஆனால் விஷயம் அது இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் புல் போடும் வயல் இருக்கிறது. வுட்சக் வளைக்கு முன்வாசலில் மண்மேடு இருக்கும், தூரத்திலிருந்தே தெரியும். பின்வாசல் ஒன்று உண்டு, அதை உள்ளிருந்து தோண்டுவதால் வெளியே ஒரு பிடி மண்கூடக் கிடக்காது, புல்லுக்குள் நேராகக் கீழே இறங்கும் ஓட்டை. குதிரை பூட்டி உழுத காலத்தில் அந்த ஓட்டையில்தான் குதிரைக் கால் முறிந்தது. இப்போது டிராக்டர் சக்கரம் இறங்குகிறது. விவசாயி கண்டவர்களுக்கும் வேட்டைக்கு அனுமதி கொடுத்தது அதனால்தான்.

ஆனால் அதே விவசாயி அனுமதியை ரத்து செய்ததும் சத்தத்தால்தான். பக்கத்துப் பண்ணையின் முதியவர் சொல்வார், ஹார்னெட் வெடித்தால் மாடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயும், ஸ்விஃப்ட் வெடித்தால் மந்தையே வேலிக்கு ஓடும் என்று. நான் பழையகட்டை கட்சி.

வேகம்4110:
அக்கா, சத்தம் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் தெறிப்பைப் பற்றி யாரும் பேச மாட்டேன் என்கிறீர்களே. ஹார்னெட்டுக்கு முன்னால் அதே பண்ணையில் .25-20, .32-20 என்ற பழைய தோட்டாக்களை வைத்துச் சுட்டார்கள். .25-20 என்றால் 86 கிரெய்ன் ஈயக் குண்டு, நொடிக்கு 1,500 அடிகூட இல்லை. தரையில் பட்டால் உடையாது, விர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போகும். மெல்லிய உறை போட்ட வேகக் குண்டு புல்தரையில் பட்டதும் தூளாகிவிடும். ஹார்னெட்டும் கிட்டத்தில் அப்படித்தான், ஆனால் 200 கஜத்தில் அதன் வேகம் 1,500க்கு வந்துவிடும், திரும்பவும் .25-20 கதை. ஹார்னெட் குழல் வாயில் வைத்திருக்கும் வேகத்தை ஸ்விஃப்ட் 250 கஜம் அளவில் வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டு மாட்டுக்கு எது பாதுகாப்பு, சொல்லுங்கள்.

மருந்துக்கடை:
இரண்டு பேருமே தோட்டாவை நிரப்பிப் பார்த்துவிட்டுப் பேசுகிறீர்களா என்று தெரியவில்லை. ஹார்னெட் பித்தளை உறையின் கழுத்து அவ்வளவு மெலிசு. குண்டை உட்கார வைக்கும்போது கொஞ்சம் சாய்ந்தால் போதும், தோள்பட்டை சட்டையாய்க் கசங்கிவிடும், அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஸ்விஃப்ட் உறை கடோத்கஜன், அமெரிக்கக் கடற்படையின் பழைய 6எம்எம் லீ நேவி தோட்டா உறையின் வம்சம். ஆனால் ஒவ்வொரு முறையும் கழுத்து நீளும், வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டாமல் சுட்டால் அழுத்தம் எகிறும், பழி குழல் மேல் விழும். தேய்ந்த ஸ்விஃப்ட் குழலை வெட்டித் திறந்து பார்த்திருக்கிறேன், புரி (குழலுக்குள் ஓடும் சுழல் பள்ளம்) ஆரம்பிக்கும் இடத்தில் வயல் வறண்ட மாதிரி குறுக்கும் நெடுக்கும் வெடிப்பு. அதற்கு மேலே இரண்டு அங்குலம் தாண்டினால் புரி புதுசாக இருந்தது.

அதனால்தான் .250 சாவேஜ் என்ற இன்னொரு தோட்டாவின் உறையைக் கழுத்துக் குறுக்கி .22-250 என்று ஆட்கள் தாங்களே செய்துகொண்டார்கள். விளிம்பு மேகஸினில் சிக்காது, மருந்து கொஞ்சம் குறைவு, வேகத்தில் நூற்றுக்கணக்கில்தான் வித்தியாசம். ஏறக்குறைய முப்பது வருடம் பட்டறைத் தோட்டாவாகவே இருந்ததை 1965இல் ரெமிங்டன் கடைத் தோட்டா ஆக்கியது. வின்செஸ்டர் அதற்கு முந்தியே ஸ்விஃப்ட்டைக் கைவிட்டுவிட்டது. வேகம் தம்பி, உங்கள் கட்சிக்கு ஓட்டு எங்கே விழுந்தது என்று பாருங்கள்.

பழையகட்டை:
மருந்துக்கடை வாயில் சர்க்கரை. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1950இல் ரெமிங்டனில் மைக் வாக்கர் .222 தோட்டாவைக் கொண்டுவந்தார், 50 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 3,200 அடி. ஸ்விஃப்ட்டைவிடத் தொள்ளாயிரம் அடி குறைவு. ஆனால் 200, 225 கஜத்தில் வுட்சக் தலையைக் குறி பார்த்து அடிக்கலாம், குழலும் நீடித்தது, மேசைமேல் ரைஃபிளைத் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளையும் வருடக்கணக்கில் அதுதான் ஜெயித்தது. வேகம் மட்டுமே போதும் என்றால் இது எப்படி நடந்திருக்கும்?

அப்புறம் அந்தக் காலத்து ஸ்கோப்பை, அதாவது குறி பார்க்கும் தொலைநோக்கியைப் பற்றி இன்றைக்கு யாருக்கும் தெரிவதில்லை. உனெர்ட்டல், ஃபெக்கர் கம்பெனி ஸ்கோப் எல்லாம் இரண்டு அடி நீளக் குழாய். சுட்டதும் உதையில் அது தாங்கிக்குள் முன்னால் வழுக்கிப் போகும், கையால் பின்னால் இழுத்துவிட்டுத்தான் அடுத்த குறி. அந்த இழுவைக்கு ஒரு நிமிஷம் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை உள்ள ஆளுக்கு 4,110 அடி எதற்கு?

வேகம்4110:
வாதம் என்று பார்த்தால் இது வாதமே இல்லை. .222 வந்தது ஸ்விஃப்ட்டுக்குப் பதினைந்து வருடம் கழித்து. நல்ல குண்டு, நல்ல மருந்து, நல்ல ஸ்கோப் எல்லாம் வேண்டும் என்று கேட்க வைத்ததே ஸ்விஃப்ட்தான். வின்செஸ்டர் விட்டதை 1970களில் ருகர் மறுபடி எடுத்துச் செய்தது. செத்த தோட்டாவை யாராவது மறுபடி செய்வார்களா?

கொங்குக்காரன்:
குதிரைக் கால் விஷயம் புரிந்தது அக்கா. ஆனால் மேற்கே பிரெய்ரி நாய்களுக்கு அதே நியாயம் பேச முடியாது. அங்கே நடந்தது வேட்டை என்பதைவிட ஒழிப்பு. அவற்றை நம்பிப் பிழைத்த கருங்கால் மரநாய் (கீரி மாதிரி நீளமான ஃபெரட்) அடியோடு போய்விட்டது என்றே நினைத்தார்கள், 1981இல் வயோமிங் மாநிலத்து மீட்டீட்ஸி பக்கம் ஒரு பண்ணை நாய் அந்த மரநாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்த பிறகுதான் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தது.

மருந்துக்கடை:
அதில் முக்காலும் நஞ்சும், கலப்பையும், பிளேக் நோயும். ரைஃபிள் பங்கு கடைசியில்தான் வரும். ஆனால் காலனியில் ஆயிரம் ரவுண்டு போடுவதை நானும் வேட்டை என்று சொல்ல மாட்டேன்.

வேகம்4110:
சரி, பழையகட்டை அண்ணா, ஒரே கேள்வி. கையில் ஹார்னெட். க்ளோவர் தீவன வயலின் அந்தக் கோடியில், 230 கஜத்தில், வளை வாசலில் ஒரு கிழட்டு வுட்சக் நிமிர்ந்து நிற்கிறது. நடுவில் ஒளிய ஒரு செடி இல்லை. என்ன செய்வீர்கள்?

பழையகட்டை:
வீட்டுக்குப் போவேன். நாளை மாலையும் க்ளோவர் அங்கேதான் இருக்கும், அதுவும் அங்கேதான் இருக்கும்.

வேகம்4110:
அதைத்தானே விவசாயி பிரச்சினை என்கிறார்!