நெல்மணிக்கு எந்த வடிவம்? கோணம் சரியானால் நேரம் இடிக்கிறது

ஆறு வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். அடியில் 40 மி.மீ. துளையுள்ள புனல் தொட்டியிலிருந்து நெல் கொட்டுவதை லிக்ட்ஸ் (LIGGGHTS) மென்பொருளில், ஒவ்வொரு மணியின் அசைவையும் மோதலையும் தனித்தனியாகக் கணக்கிடும் டெம் (DEM) முறையில் கணக்கிடுகிறேன். மணி 8 மி.மீ. நீளம், 3 மி.மீ. தடிமன், மொத்தம் 40,000, ஏறக்குறைய ஒரு கிலோ. நேரில் அளந்தது: குவியல் கோணம் (கொட்டிய குவியலின் சரிவு தரையோடு செய்யும் கோணம்) 36°, தொட்டி காலியாக 5 நொடி.

முதலில் வெறும் உருண்டைகள். கோணம் 24° தாண்டவில்லை. உருளல் உராய்வை, அதாவது உருள்வதைத் தடுக்கும் எண்ணை, 0.3க்கு ஏற்றியதும் 35° வந்தது, ஆனால் காலியாக 8 நொடி. (உருண்டையை உருளாதே என்று கட்டிப்போட்டால் வேறென்ன ஆகும்!) அப்புறம் 3 கோளங்களை ஒட்டிய கொத்து: 5.5 நொடி, கோணம் 30°. 5 கோளமாக்கியும் 31° தான், கணினி கணக்கிட்டு முடிக்கவோ இரண்டு நாள். கோளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் நிறை இரட்டிக்காமல் திருத்திவிட்டேன். காலப்படி (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேரத் துணுக்கு) ராலே காலத்தில், அதாவது மணியின் மேற்பரப்பில் அதிர்வலை கடக்கும் நேரத்தில், 20%; அதைப் பாதியாக்கியும் மாற்றமில்லை. சூப்பர்குவாட்ரிக் வடிவத்தில் (ஒரே சமன்பாட்டில் வரும், நீள்உருண்டை போன்ற வழவழப்பான வடிவம்) 5,000 நெல்மணிக்கே ஒரு ராத்திரி போய்விட்டது. கையில் இருப்பது 16 கோர் கணினி.

3 கோளக் கொத்திலேயே நின்று, மணிகளுக்கிடையிலான சறுக்கு உராய்வை மட்டும் கூட்டினால் கோணமும் நேரமும் சேர்ந்து பொருந்துமா, இல்லை சூப்பர்குவாட்ரிக்குக்கு மாறித்தான் ஆக வேண்டுமா?