பொலேரோ பிக்கப் ஸ்டாக் ரிம்லயே 235/75 ஆர்15 போடலாமா? மலை ரோடு, லோடு வண்டி

மலையோர_பிக்கப்:

வணக்கம் அண்ணன்மாரே. எனக்க வண்டி பொலேரோ பிக்கப், டிஎன் 75, மஞ்ச போர்டு. குலசேகரத்துக்கு மேல ஒரு ரப்பர் எஸ்டேட்ல இருந்து ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஏத்தி மார்த்தாண்டத்துல எறக்குறது தான் பொழப்பு. கம்பெனில வந்த டயர் 215/75 ஆர்15 (215 மில்லி அகலம், 15 இஞ்சு ரிம்), இப்ப நாலும் தேஞ்சு போச்சு, எப்டியும் மாத்தியே ஆவணும், அதான் மாத்தும்போதே ஒரு சைஸ் பெருசா போட்டா என்னன்னு ஒரு யோசனை.

காரணம் ரெண்டு. எஸ்டேட்டுக்குள்ள கடைசி கொஞ்ச தூரம் முழுக்க செம்மண்ணு, வீல் போற தடம் ரெண்டும் குழிஞ்சு நடுவுல மேடு ஏறி கெடக்கு, லோடோட எறங்கும்போ பின்னாடி ஹவுசிங் (ஆக்ஸில மூடியிருக்க இரும்புக் கூடு) போய் உரசுது. அடுத்தது இடவப்பாதி மழை (ஜூன் மாச பருவமழை) புடிச்சா காலி வண்டியே மேல ஏறாது, பின் வீல் நின்ன எடத்துலயே சுத்தும், டாப்பிங்குக்கு (ரப்பர் பால் வெட்ட) வந்த ஆளுவ தள்ளி தான் ஏத்தணும்.

பொலேரோ கேம்பர் மாடலுக்கு கம்பெனியே 235/75 ஆர்15 தானே குடுக்கான், அதே 15 இஞ்சு, அப்ப என் ரிம்லயும் ஏறும்னு கூட்டுக்காரன் சொல்லுகான். இன்னொருத்தன் 31 இஞ்சு ஒயர டயர் போடு, பாக்க கெத்தா இருக்கும்னு சொல்லுகான். புது ரிம் வாங்க இப்ப வழியில்ல. எங்கயாவது தட்டுமா, மைலேஜ் அடி வாங்குமா, எஃப்சி-ல (ஃபிட்னஸ் சோதனை) பிரச்சனை வருமா? ஓட்டுன அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

வடசேரி_டயர்கடை:

தம்பி, 15 இஞ்சுக்கு 15 இஞ்சு சரியா இருந்தா மட்டும் போதாது, ரிம்மோட அகலம் தான் மொதல்ல பாக்கணும். வீலை கழட்டி உள்பக்கம் தொடச்சு பாருங்க, 15க்கு பக்கத்துல 5½ஜே, 6ஜே அப்டி ஒண்ணு அடிச்சிருக்கும். 235/75 ஆர்15க்கு 6 இஞ்சுல இருந்து 8 இஞ்சு வரைக்கும் உள்ள ரிம் ஆவும். உங்க ரிம் 6ஜேன்னா கடைசி படியில நிக்குதுன்னு அர்த்தம், போடலாம். 5½ன்னா என் கடைல நான் மாட்டி தர மாட்டேன். குறுகுன ரிம்ல அகல டயர மாட்டுனா ரெண்டு ஓரமும் உள்ள இழுத்து நடுப்பக்கம் புடைச்சு நிக்கும், நடு மட்டும் தேயும், வளைவுல லோடோட திருப்பும்போ வண்டி ஆடும்.

31 இஞ்சு பேச்ச இப்பவே விட்டுருங்க. 31க்கு 10.5 டயருக்கு கொறஞ்சது 7 இஞ்சு ரிம் வேணும். ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவுல வைக்குற தட்டு) போட்டு ஏத்தலாம்னு எவனாவது சொன்னா கேக்காண்டாம், ஸ்பேசர் ரிம்ம வெளிய தள்ளும், ரிம் அகலத்த கூட்டாது, அதுக்கு மேல லோடு வண்டி ஹப் பேரிங்குக்கு அது கூடுதல் பாரம்.

சைஸ் கணக்கு: 215/75 ஆர்15 மொத்த ஒயரம் சுமார் 703 மில்லி, 235/75 ஆர்15 சுமார் 733. வித்தியாசம் 30 மில்லி. ஹவுசிங் தரையில இருந்து ஒசருறது அதுல பாதி, 15 மில்லி தான். உங்க நடு மேட்டுக்கு இந்த 15 மில்லி போதுமான்னு நீங்க தான் டேப்பு வச்சு பாக்கணும். ஒண்ணு உண்மை, கமான் கட்டுல (பட்டை ஸ்பிரிங்) பட்டை கூட்டி வண்டிய ஒசத்துனா பாடி தான் ஒசரும், ஹவுசிங் இருந்த எடத்துலயே தான் கெடக்கும், அத ஒசத்துறது டயர் மட்டும் தான். அந்த வகையில உங்க யோசனை சரி.

ஆனா எனக்கு பயம் லோடுல தான். கேம்பர் சைஸ்னு கடைல கேட்டா பல எடத்துல எஸ்யூவிக்கு உள்ள டயர எடுத்து நீட்டுவாங்க. டயர் பக்கவாட்டுல சைஸ் முடிஞ்ச ஒடனே ஒரு எண் இருக்கும், அது தான் லோடு இண்டெக்ஸ். 105ன்னா ஒரு டயர் 925 கிலோ, 109ன்னா 1,030 கிலோ. அதுவும் முழு காத்து இருந்தா மட்டும் தான் அந்த எடைய தாங்கும். சைஸ் பெருசா இருக்கதுனால பலமும் கூட இருக்கும்னு நெனைக்காண்டாம். உங்க பழைய டயர்ல 8 பிஆர்னு போட்டிருந்தா அது லோடுக்குன்னே செஞ்ச பலமான டயர் (எட்டு அடுக்கு உள்ள இருக்குன்னு இல்ல, அவ்வளவு பலம்னு கணக்கு), அத கழட்டிட்டு கார் ரக 235 போட்டா அகலம் கூடி பலம் கொறஞ்சிரும்.

ஒரு வேலை செய்யுங்க. அடுத்த தடவ ஃபுல் லோடு ஏத்துனதும் எடை மேடையில பின் வீல் ரெண்ட மட்டும் ஏத்தி நிறுத்தி எடை போடுங்க. அத ரெண்டால வகுத்து டயர் எண்ணோட ஒப்பிடுங்க. பெறவு டயர பேசுவோம்.

காளியல்_ஓட்டுநர்:

நான் இதே பிக்கப்ல 235 போட்டு ஓட்டுகேன், ஆனா எனக்கு லோடு பெருசா கெடையாது, வாழக்குலையும் நல்லமொளகு மூட்டையும் தான். ரிம் 6ஜே, ஸ்டாக் தான். ஓட்டுன வரைக்கும் பாத்தத சொல்லுதேன். நேரா போவும்போ ஒண்ணும் தட்டல. ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு ஒரு வீல் குழில எறங்கும்போ மட்டும் முன்னாடி மட்காடு உள்பக்கம் உரசுற சத்தம் வரும், மட் ஃபிளாப்ப கொஞ்சம் வெட்டுன பெறவு பாதி கொறஞ்சுது. டயர் ரெண்டு பக்கமும் பத்து பத்து மில்லி அகலுது பாருங்க, அதனால உள்பக்கமும் கை விட்டு எடவெளி பாக்கணும். கடைல லாக் ஸ்டாப்பர திருகி ஸ்டியரிங் திரும்புற அளவ கொறைச்சு தாரேன்னு சொன்னாங்க, நான் வேண்டாம்னுட்டேன், நம்ம ஊரு எடவழியில ஏற்கனவே ரெண்டு தடவ முன்ன பின்ன எடுத்து தான் திருப்புகோம், அதுலயும் கொறச்சா பாடு தான்.

ஸ்பீடோமீட்டர் கொறச்சு காட்டும். 80 காட்டும்போ நெஜமா 83க்கு மேல போறோம், நாலு சதவீதம் கணக்கு. கிலோமீட்டரும் அப்டி தான், அதனால மைலேஜ் ரொம்ப போச்சுன்னு சொல்லுறவங்க பலபேரு மீட்டர் கொறச்சு காட்டுறத சேக்காம சொல்லுகாங்க, அத சேத்து பாத்தா எனக்கு கொஞ்சம் தான் கொறஞ்சிருக்கு.

ஆனா எறக்கம் வேற கதை, இத யாரும் சொல்ல மாட்டாங்க. டயர் பெருசானா கியர் ஒசந்த மாதிரி ஆவும், செகண்ட்ல போட்டு எறக்குனா முன்ன புடிச்ச மாதிரி எஞ்சின் புடிக்காது, பிரேக்கும் அதே அளவுக்கு கூட அமுத்தணும். நீங்க காலியா ஏறி லோடோட எறங்குற ஆளு, அப்ப உங்களுக்கு எறக்கம் தான் முக்கியம். பேச்சிப்பாற பக்கம் மழையில லோடோட எறங்கி வந்திருக்கியளா, அந்த நாலு சதவீதம் கால்ல தெரியும். என்னைய கேட்டா ஃபுல் லோடு வண்டிக்கு நான் இத சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு, ஸ்டெப்னிய மறக்காண்டாம். அஞ்சு டயரும் ஒரே சைஸ்ல வாங்கணும், அடியில ஸ்டெப்னி தூக்குற எடத்துல 235 உக்காருமான்னு வாங்குறதுக்கு முன்னயே அளந்துக்கிடுங்க. பின்னாடி ஒரு பக்கம் 235ம் ஒரு பக்கம் 215ம் போட்டு ஓட்டுனா நேர் ரோட்டுலயும் டிஃபரன்ஷியல் ஓயாம சுத்தும், சூடாவும்.

தக்கலை_அண்ணன்:

சட்ட விஷயம் மட்டும் சொல்லுகேன், நான் வண்டி பேப்பர் வேலை பாக்கவன். மோட்டார் வாகன சட்டம் 1988, 52ஆம் பிரிவு, கம்பெனி குடுத்த அளவுல இருந்து மாறுற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அத கண்டிப்பா சொல்லியாச்சு. பிரைவேட் காருக்கு டயர் சைஸ யாரும் பெருசா பாக்க மாட்டாங்கன்னு ஒரு பேச்சு உண்டு, மஞ்ச போர்டுக்கு அது பொருந்தாது. டிரான்ஸ்போர்ட் வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம்ல டயர் எத்தன, என்ன சைஸ், ஆக்ஸில் வெயிட் எவ்வளவுன்னு எழுதவே தனியா எடம் இருக்கு. எஃப்சி-க்கு போவும்போ இன்ஸ்பெக்டர் அத வச்சு கேட்டா பதில் சொல்ல முடியாது. புது வண்டின்னா எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, அதுக்கு மேல வருஷா வருஷம் எஃப்சி, அப்ப ஒவ்வொரு தடவையும் பழைய டயர தேடி மாட்டவா முடியும்?

கேம்பருக்கு அந்த சைஸ் உண்டுங்கதால உங்க மாடலுக்கும் உண்டுன்னு ஆவாது. உங்க மாடலுக்கு கம்பெனி என்னென்ன சைஸ் அனுமதிச்சிருக்கான்னு ஓனர் மேனுவல்ல பாருங்க, இல்ல ஷோரூம்ல எழுதி வாங்குங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரியப்படுத்தணும். ஆக்சிடெண்ட் ஆன பெறவு சர்வேயர் டயர் சைஸ போட்டோ எடுத்தா அப்ப நின்னு வாதாட முடியாது. ஆள் ஏத்தாட்டாலும் மலையில ஓடுற லோடு வண்டி தம்பி, இதுல வெளையாடாண்டாம்.

மலையோர_பிக்கப்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரிம்ம பாத்தேன், 6ஜே தான். எடையும் போட்டாச்சு, ஃபுல் லோடுல பின் ஆக்ஸில் மட்டும் 1,880 கிலோ. கடைல காட்டுன 235ல 105ன்னு தான் போட்டிருக்கு. அப்ப ரெண்டு டயரும் சேந்து 1,850, எனக்க எடையே அதுக்கு மேல. பழைய 215ல உள்ள எண்ணு 105ஐ விட கூட. 109 போட்ட 235 கெடச்சா போடலாமா, இல்ல 215லயே நிக்கவா? அப்டி நின்னா அந்த சுத்துற பிரச்சனைக்கு என்ன வழி?

வடசேரி_டயர்கடை:

நல்ல காரியம் செஞ்சீங்க தம்பி, எடை போடாம டயர் வாங்குறவங்க தான் கூட. 109ன்னா எடை கணக்கு மட்டும் தீரும், ஆனா பிரேக்கும் ஆக்ஸிலும் ரிம்மும் பழையது தான், பெரிய டயர் போட்டா அதுங்களோட தாங்கு சக்தி கூடாது. அண்ணன் சொன்ன பேப்பர் விஷயமும் அப்டியே நிக்கும். நான் 215லயே நிக்கத்தான் சொல்லுவேன், பழைய எண்ணுக்கு கொறையாம எல்டி (லோடு வண்டிக்குள்ள) டயரா வாங்குங்க.

சுத்துறதுக்கு காரணம் சைஸ் இல்ல, பட்டன் (டயர் மேல இருக்க ரப்பர் கட்டை வெட்டு). உங்க டயர் கோடு போட்ட ரிப் டயரா தான் இருக்கணும், சரியா? அதுக்குள்ள செம்மண்ணு ஒட்டி அடைச்சா டயர் வழுவழுன்னு ஆயிரும், 31 இஞ்சு ரிப் டயர் போட்டாலும் சுத்தத்தான் செய்யும். முன்னாடி ரெண்டும் ரிப் போடுங்க, தார் ரோட்டுல மழைக்கு ஸ்டியரிங் நல்லா கேக்கும். பின்னாடி ரெண்டும் அதே சைஸ்ல ஓரம் தெறந்த பட்டன் டயர் போடுங்க, சுத்தும்போ மண்ண வெளிய வீசிரும். தார்ல கொஞ்சம் எரைச்சல் இருக்கும், தேய்மானமும் கொஞ்சம் கூட, அது பரவால்ல. ஒரு ஆக்ஸில்ல ரெண்டு பக்கமும் ஒரே பட்டன், ஒரே தேய்மானம் இருக்கணும், அது மட்டும் கண்டிப்பு.

அப்புறம் நீங்க காலியா தான மேல ஏறுகீங்க. காலி பிக்கப்ல பின்னாடி பாரமே கெடையாது, அதோட லோடு காத்துலயே ஏத்துனா டயர் குதிக்கும், மண்ண புடிக்காது. மழக்காலத்துல ரெண்டு மூணு மணல் மூட்டைய பின் ஆக்ஸிலுக்கு நேர் மேல போட்டு கட்டி ஏறுங்க, மேல எறக்கி வச்சிட்டு லோடு ஏத்துங்க. டிரைவர் டோர் பக்கம் ஒட்டியிருக்க ஸ்டிக்கர்ல காலிக்கும் லோடுக்கும் தனித்தனியா காத்து போட்டிருந்தா அதப்படி வைங்க, பேட்டரில ஓடுற சின்ன பம்ப் ஒண்ணு வண்டில இருந்தா லோடு ஏத்துன பெறவு மேலயே காத்து ஏத்திக்கிடலாம். கொறஞ்ச காத்தோட லோடு எறக்காண்டாம், பக்கவாட்டு வெடிக்கும்.

வாங்கும்போ டயர் பக்கவாட்டுல நாலு எண் உள்ள தேதியும் பாருங்க, முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். 2325ன்னா 2025ல 23ஆவது வாரம் செஞ்சது. ரொம்ப நாள் கெடந்த டயர வெல கொறச்சு தாரேன்னாலும் எடுக்காதீங்க.

காளியல்_ஓட்டுநர்:

அண்ணாச்சி சொன்னது தான் சரி. ஹவுசிங் உரசுறதுக்கு ஒண்ணு சொல்லட்டா, 15 மில்லிக்கு டயர மாத்துறத விட எஸ்டேட் கங்காணிகிட்ட பேசி அந்த ரெண்டு தடத்துலயும் கருங்கல்லு சல்லி ஒரு லோடு தட்டி நெரப்ப சொல்லுங்க. எங்க பக்கம் ஐப்பசி மழைக்கு முன்ன அப்டி தான் செய்வோம், நடு மேட்டையும் மம்பட்டி வச்சு செதுக்கிருவோம். ஷீட் எறங்கலன்னா அவங்களுக்கும் நட்டம் தான, செய்வாங்க.

மலையோர_பிக்கப்:

சரி அண்ணே, 215லயே நிக்கேன், பின்னாடி பட்டன். சல்லி விஷயம் ரைட்டர்கிட்ட நாளைக்கே பேசுதேன். அண்ணாச்சி, பின் டயர் ரெண்டும் மாட்டுன பெறவு நட்டு எப்ப திரும்ப முறுக்கணும்?

வடசேரி_டயர்கடை:

மாட்டி அம்பதுல இருந்து நூறு கிலோமீட்டருக்குள்ள ஒருக்கா முறுக்குங்க, லோடோட ஒரு எறக்கம் எறங்குன பெறவுன்னா இன்னும் நல்லது. முன் வீலுக்கு அன்னைக்கே அலைன்மெண்ட்டும் பாத்திருங்க.