மறு: மறு: ஹூட்: துணிக்கூரையா, கவிகையா, கூண்டா?

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தமிழாக்கும் கார்க் கையேட்டில் 'ஹூட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்று மூன்று நாளாக வந்த மடல்களையெல்லாம் படித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அந்த அத்தியாயம் அச்சுக்குப் போக வேண்டும்.

'ஹூட்' என்றே விட்டுவிடலாமே என்று கேட்ட அக்காவுக்கு: விட முடியவில்லை. கையேடு எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற திறந்த காரைப் பற்றியது; 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் செய்த வண்டி. ஆங்கிலேயருக்கு ஹூட் என்றால் தலைக்கு மேலே இருக்கும் துணி. அமெரிக்கருக்கு அதே சொல் எஞ்சின் மூடி. இந்த வண்டி அமெரிக்காவில் ஏராளமாக விற்றதால் இரண்டு வழக்கும் கலந்து கிடக்கின்றன. முதல் வரைவில் 'எஞ்சின் மூடியை மடித்து டிக்கியில் வைக்கவும்' என்றே வந்துவிட்டது.

சேலத்து ஐயா 'கூண்டு' என்கிறார். கூண்டு வண்டி அருமையான சான்று. வளைத்த மூங்கில், அதன்மேல் பாய் என்ற அமைப்பும் இதேதான். ஆனால் அந்தக் கூண்டு மடங்காது. இன்று கூண்டு என்றால் கிளிதான் நினைவுக்கு வருகிறது.

எனக்கு மூன்று சொற்கள் வேண்டும். வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். முன்கண்ணாடிச் சட்டத்தில் உள்ள இரண்டு கொக்கிகளை விடுவித்து, பக்கவாட்டுப் பொத்தான்களைக் கழற்றி, பின்பட்டையை அதன் குரோம் தகடுகளிலிருந்து உருவ வேண்டும். ஒரு வகையில் துணியும் சட்டமும் சேர்ந்தே மடங்கிப் பின்னால் போகும். இன்னொரு வகையில் துணி மட்டும் தனியே வந்துவிடும், சட்டத்தைப் பிறகு எடுக்கலாம். ஆக முழு அமைப்புக்கு ஒன்று, துணிக்கு ஒன்று, வளைந்த கம்பிகளுக்கு ஒன்று. 'மடக்கு', 'கழற்று' என்ற வினைகளையும் மாற்றிப் போடக் கூடாது. பின்பக்கப் பிளாஸ்டிக் சன்னலைக் குளிரில் மடக்கினால் வெடித்துவிடும். புதுத் துணியை வெயிலில் போட்டு இளக்கிய பிறகே இழுத்துப் பூட்ட வேண்டும். வினை தவறினால் பொருள் பாழாகும்.

என் முன்மொழிவு: துணிக்கூரை, கூரைத்துணி, கூரைவில். துணியாலான கூரை, பொற்குடம் போல. இலக்கணத்தில் சிக்கல் இல்லை. புதுத் துணி போடுவதற்கு 'வேய்தல்' என்று மதுரை நண்பர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. கூரை வேய்ந்த கைகளுக்கு அது உடனே புரியும்.

அக்கா எழுப்பிய தடை உண்மையானது. கூரைத்துணி என்று வாய்விட்டுச் சொன்னால் கூறைப்புடவை காதில் விழுகிறது. மாயவரத்துக் கூறைநாட்டை அறிந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக. வல்லின றகரக் கூறைக்குத் துணி என்றே பொருள் என்பதால், அவர் கேட்டபடி 'கூறைக்கூரை'யும் சரியான தொடர்தான், அழகாகவும் இருக்கிறது. ஆனால் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்ட ஊர்களில் அதை யார் பிரித்துக் கேட்பார்கள்? அதனால் எழுத்தில் துணிக்கூரையோடு நிற்கிறேன். இதுவரை ஏழு பேர் ஆதரவு, மூவர் மறுப்பு. மாற்றுக் கருத்தை வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.

---

தம்பி,

அச்சுக்குத் துணிக்கூரை போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் தலைப்பில் மட்டும் நிற்கும் கவிகையை இவ்வளவு எளிதாகக் கைவிட வேண்டாம். கவிதல் என்றால் மேலே வளைந்து மூடுதல். உன் வண்டித் துணி செய்வதும் அதுதானே? வள்ளுவர் 389ஆம் குறளில் அரசன் குடைக்கு ஆண்ட சொல். குடையும் மடங்கும், விரியும், கம்பியும் துணியுமாக இருக்கும். கூரை மடங்கி யாராவது பார்த்ததுண்டா?

கூரைவில்லுக்கு என் முழுச் சம்மதம். ஆனால் அதையும் 'கவிகைவில்' என்று ஒருமுறை சொல்லிப் பார்.