தெரபிக்காக மலை இறங்குவதும், தெரபியே மலை ஏறி வருவதும்

செம்மடுவு அம்மா:
என் பையனுக்கு செரிப்ரல் பால்சி, மூளைப் பாதிப்பால் கை கால் சொன்னபடி அசையாது. வாரத்தில் மூன்று நாள் சேலத்துக்கு தெரபிக்குக் கூட்டி வாங்க என்றார்கள். ஏற்காட்டிலிருந்து இறங்க 20 கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸிலேயே வாந்தி எடுத்து உடம்பு விறைத்துவிடும், அங்கே போய்ப் படுக்க வைத்தால் அழுது களைத்துப்போய் எதற்கும் ஒத்துழைக்க மாட்டான், எனக்கு அன்றைய எஸ்டேட் கூலியும் போய்விடும். போகாவிட்டால் அம்மாவுக்கு அக்கறை இல்லை என்கிறார்கள். அதை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை.

அப்புறம்தான் சமக்ர சிக்‌ஷா என்ற அரசின் பள்ளிக்கல்வித் திட்டத்தில் ஸ்பெஷல் டீச்சரும் பிசியோவும் வீட்டுக்கே வருவார்கள் என்று தெரிந்தது. வந்த மேடம் முதலில் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவர் மூலையில் இரண்டு பக்கமும் தலையணை வைத்து அவனை உட்காரவைத்தார். சோறு ஊட்டும்போது தலை பின்னால் சாயக்கூடாது, புரையேறும் என்று காட்டிக்கொடுத்தார். தெரபிக்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம்மா, குளிப்பாட்டும்போதும் சட்டை மாட்டும்போதும் இப்படிக் கையை நீட்டிவிடுங்க என்றார். நான் வேலைக்குப் போனாலும் இப்போது என் மாமியார் செய்கிறார்.

அம்மாபேட்டை அப்பா:
தங்கச்சி, நல்ல விஷயம்தான். ஆனால் ஒன்று. என் மகளுக்கு அறிவுசார் குறைபாடு, நன்றாக நடப்பாள், ஓடுவாள். அவளையும் ஒரு பள்ளியில் "வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமே" என்றுதான் திருப்பி அனுப்பினார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு, எது வேண்டும் என்பது நம் விருப்பம். மாற்றுத்திறன் சான்றிதழோடு சட்டத்தின் அந்தப் பக்கத்தையும் எடுத்துப்போய்க் காட்டிய பிறகுதான் சேர்த்தார்கள். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்பதற்காகப் பள்ளியை விட்டுவிடாதீங்க.

சேலம் பிசியோ:
அண்ணா சொல்வது சரி. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறது. பிள்ளையின் முன்னேற்றத்தோடு பெற்றோரின் மனச்சுமையையும் அளந்து ஆய்வாக எழுதுகிறார்கள். எங்கள் பதிவேட்டில் இன்னும் வந்தார், வரவில்லை என்ற இரண்டுதான். ஏன் வரவில்லை என்று ஒரு கட்டம் இருந்தாலே எவ்வளவோ மாறும் என்று மேலதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு: குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசின் பால ஸ்வஸ்திய திட்டத்தின் டாக்டர் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை வரும். பிள்ளையின் வளர்ச்சியில் சந்தேகம் இருந்தால் அன்றைக்கே காட்டுங்க, "தானாகச் சரியாகிவிடும்" என்று காத்திருக்காதீங்க.

செம்மடுவு அம்மா:
விடமாட்டேன் அண்ணா, ஜூனில் சேர்க்கிறோம். தலைமை ஆசிரியர் நல்லவர், சாய்தளம் போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார். கழிப்பறைக் கதவுதான் சக்கர நாற்காலி நுழையாத அளவுக்குக் குறுகல். இதற்கு யாராவது மனு கொடுத்து மாற்றியிருந்தால், யாருக்கு எழுதினீர்கள் என்று சொல்லுங்க.